பேர் கேட்கும் நேரம்

திங்கட்கிழமை காலையில் இசக்கிசெல்வியின் தொண்டை கரகரக்கும். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி கேட்டில் "வாரேன் அண்ணே" என்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் ஞாயிறு பூராவும் அந்தத் தொண்டைக்கு வேலையே கிடையாது. சிங்கப்பெருமாள் கோவிலில் அவள் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரம்மா ராஜம்மா இருக்கத்தான் இருக்கிறாள். இருந்து என்ன? "மோட்டார் போட்டியா?" என்று கேட்பாள். "போட்டாச்சு" என்றால் உள்ளே போய்விடுவாள். அதையெல்லாம் பேச்சில் சேர்க்க முடியுமா? ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் அம்மாதான் பேசுவாள். வரன், ஜாதகம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரெண்டாவது பிள்ளை. இவளுக்கு 'உம்' கொட்டுகிற வேலை மட்டும்தான்.

ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்தப் பெண் வாயைத் திறந்து சொல்லும் முதல் வார்த்தை ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் வரும் பேராக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பேருக்காகத்தான் அவள் திங்கட்கிழமைக்குக் காத்துக்கிடந்தாள்.

ஒரகடத்தில் வரிசையாக நிற்கும் தகரக் கூரைகளில் ஒன்றின் கீழே காருக்கு ஸ்டீயரிங் தண்டு செய்கிறார்கள். செய்து முடித்த தண்டு ஒவ்வொன்றும் கடைசியில் சோதனை மேடைக்கு வரும். போல்ட் சரியாக இறுகியிருந்தால் பச்சைப் பெட்டிக்குப் போகும், இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டிக்கு. இதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதும் மூன்று பேரில் ஒருத்தி செல்வி. பணகுடிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு ட்ரெய்னியாக வந்தவள். லைனில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டே, லீவு நாளில் தானாகப் படித்துப் படித்து, கடைசியில் இந்தக் கண்ணாடி அறைக்குள் நாற்காலி பிடித்தவள். அப்போது கம்பெனி ஹாஸ்டலில் கூட இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆகிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது இவள் ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டிருந்தாள். பாடமெல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஹாஸ்டலில் அவள் காலத்து ஆள் ஒருத்தியும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் மட்டும் மிச்சம், அதிலும் காலை வணக்கம் சொல்லும் பூப்படங்கள்தான்.

கண்ணாடி அறையில் மற்ற இருவரில் ஒருவர் நாகப்பன். மறைமலை நகர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலியோடு வாழ்கிறவர். சோதனை முடிவுகளைத் தலைமைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பகுதி அவருடையது, அதை ஜாவாவில் எழுதியிருந்தார். இன்னொருவன் சிவசங்கர். பக்கத்தில் இருக்கும் எழிச்சூர்தான் அவன் சொந்த ஊர். தண்டைப் படம் பிடித்துப் பார்க்கும் கேமரா அவன் பொறுப்பு, அவன் எழுதுவது பைத்தானில். போல்ட்டின் இறுக்கத்தை அளந்து திரையில் காட்டுவது செல்வியின் வேலை, அவளுடையது ஜாவாஸ்கிரிப்ட். மூன்று பேர், மூன்று மொழி. ஓடுவது மட்டும் ஒரே எஞ்சினில். கார் எஞ்சின் இல்லை, மூன்று மொழியையும் படித்து ஓட்டும் ஒரு ப்ரோக்ராமுக்குத்தான் அந்தப் பேர்.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு மொழிக்கும் உள்ளே அதனதன் அறை உண்டு. அங்கே யார் எதற்கு என்ன பேர் வைத்தாலும் கேட்பாரில்லை. ஆனால் ஒருவர் கணக்குப் போட்டதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் வெளியே ஒரு பொது இடத்தில் கொண்டுவந்து, ஒரு பேர் சூட்டி, வைத்தாக வேண்டும். 'பொதுவுல போடுறது' என்பார்கள். அந்தப் பொதுவில் ஒரு பேருக்கு ஒரே ஆணிதான். ஏற்கெனவே ஒருத்தர் பை மாட்டியிருக்கும் ஆணியில் இன்னொருத்தர் வந்து மாட்டினால் முன்னதைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு இதை மாட்டிக்கொள்ளும். சத்தம் கித்தம் எதுவும் வராது. பாழாய்ப்போன எஞ்சின் 'ஐயா, இது வேறொருத்தருடையது' என்று ஒரு வார்த்தை சொல்லாது.

அதற்கு நாகப்பன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்பு மூன்று பேரும் நாற்காலியை அறை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெஷின் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பொதுவில் போடப்போகும் பேர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் "எடுத்துக்கோ" என்றால் எடுத்துக்கொள்ளலாம். "அது என்னுது" என்று யாராவது சொல்லிவிட்டால் வேறு பேர் தேட வேண்டியதுதான்.

"கவுன்ட் எடுத்துக்கிடட்டுமா சார்?" என்பாள் செல்வி.

"அது என்னுதும்மா. நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வச்சது அது."

"எல்லாத்தையும் நீங்களே வச்சிக்கிட்டா நாங்க எங்க போறது சார்?"

"போல்ட் கவுன்ட்னு வச்சிக்க, யார் வேணாம்னது?"

"அதை நான் எடுத்துக்கினேனே," என்பான் சிவசங்கர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

ஸ்டேட்டஸ் என்ற ஒற்றைப் பேருக்கு மூன்று பேரும் நாள்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். நாகப்பன் ஒரு பேரை எடுத்தால் எடுத்ததுதான், உயிர் போனாலும் திருப்பித் தரமாட்டார். சிவசங்கர் பாதிக்குப் பாதி பேர்களைத் தன் மகள் பூஜாவின் பேரில் ஆரம்பிப்பான். கேட்டால், "எம் பொண்ணு பேர எவன் எடுப்பான்?" என்பான். ஐந்து நிமிட வேலை அரைமணி இழுக்கும். பேர்களுக்கு நடுவே நாகப்பனின் முழங்கால் வரும், எந்த டாக்டர் என்ன சொன்னார் என்பது வரும், பூஜா பள்ளிக்கூடத்தில் எந்தப் பெண்ணைக் கடித்து வைத்தாள் என்பது வரும். செல்விக்கு வந்த வரன் என்ன ஆனான் என்ற கேள்வியும் தவறாமல் வரும். "அவனா? அவன் கப்பல்ல போயிட்டான் அண்ணே" என்று இவள் சொல்ல, "கப்பலே வேணாம், வுடு" என்று சிவசங்கர் சொல்ல, மூன்று பேரும் சிரிப்பார்கள்.

அவளுக்கு அந்த ஊரில் இருந்த மனிதத் தொடர்பு மொத்தமும் அந்த அரைமணிதான். மற்ற நேரமெல்லாம் மூன்று பேரும் மூன்று மூலையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் சிவசங்கர் பைக்கில் பறந்துவிடுவான், நாகப்பன் கம்பெனி பஸ் பிடிப்பார், செல்வி ஷேர் ஆட்டோவில் யார் யாரோ முழங்கைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு அறைக்குப் போவாள். அவர்கள் இருவருக்கும் வீட்டில் பேச ஆள் இருந்தது. அதனால் அந்த அரைமணி அவர்களுக்கு வேலையில் ஒரு பகுதி, இவளுக்கு அப்படியில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

ஆடி மாதம் ஊரில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அம்மன் பேரையே வைத்துக்கொண்டு கொடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். அவள் இல்லாத அந்த நாளில் நாகப்பனும் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ள அரைநாள் பர்மிஷன் வாங்கியிருந்தார். அறையில் சிவசங்கர் மட்டும்தான்.

வேறு எந்த ஆபீசிலும் ஒருத்தன் பேசாமல் வேலையை ஆரம்பித்திருப்பான். சிவசங்கர் முறை தவறாதவன். டீயை எடுத்துக்கொண்டு வந்தான். நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்து, "லிமிட்டு எடுத்துக்கறேன்" என்று சொன்னான். கொஞ்ச நேரம் பொறுத்தான். யாரும் ஒன்றும் சொல்லாததால் எடுத்துக்கொண்டான்.

லிமிட் செல்வியுடையது. போல்ட்டை இதற்குமேல் இறுக்கினால் அறுந்துவிடும் என்ற அளவை அந்தப் பேரில்தான் அவள் பொதுவில் மாட்டி வைத்திருந்தாள். கேமரா சரியாகப் படம் எடுக்காவிட்டால் எத்தனை தரம் மறுபடி முயல வேண்டும் என்பது சிவசங்கரின் லிமிட். அவன் மூன்று என்று போட்டான். ஆயிற்றா? போல்ட்டுக்கும் அளவு மூன்று என்று ஆகிப்போனது. அவ்வளவு லேசாக எந்த போல்ட்டும் இருக்க முடியாது அல்லவா? வந்த தண்டெல்லாம் சிவப்புப் பெட்டிக்குப் போக ஆரம்பித்தன. சிவப்புப் பெட்டி நிரம்பி, இன்னொரு பெட்டி கொண்டுவந்து அதுவும் நிரம்பி, லைன் நின்றது. சூபர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

செல்விக்கு சிவசங்கரிடமிருந்து போன் வந்தபோது கோயிலில் மேளம் உச்சத்தில் இருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் ஓடினாள்.

"என்னத்த எடுத்தீய அண்ணே? சரியா கேக்கல."

"லிமிட்டும்மா, லிமிட்டு."

"ஐயோ, அது என்னுதுல்லா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அத்தனை மேளத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே, தன்னைத் தேடி ஒரு போன் வந்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு நடுவே நின்றுகொண்டு அவளுக்கு அப்படித் தோன்றியது. அப்படி ஆகியிருந்தது அவள் நிலைமை.

திரும்பி வந்ததும் மேனேஜர் வசந்தகுமார் மூன்று பேரையும் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை அவர். மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்தப் பேரை எடுக்கும்போது யாரைக் கேட்டீங்க, சிவசங்கர்?"

"கேட்டேன் சார். நடுவுல உக்காந்து சத்தமாத்தான் சொன்னேன். யாரும் வேணாம்னு சொல்லல."

"ரூம்ல யார் இருந்தாங்க?"

சிவசங்கர் தரையைப் பார்த்தான். "யாரும் இல்ல சார்."

நாகப்பனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, இருமுவது போல் சமாளித்தார். வசந்தகுமார் சிரிக்கவில்லை. செல்வியின் பக்கம் திரும்பினார்.

"காலைல மூணு பேர் உக்காந்து சத்தம் போட்டுச் சொன்னாத்தான் லைன் ஓடும்னா, அது சிஸ்டமே இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பொதுவுல போற ஒவ்வொரு பேருக்கு முன்னாடியும் அது எந்த லாங்குவேஜ்லேர்ந்து வருதுன்னு எஞ்சினே அடையாளம் போடட்டும். உங்க லிமிட் தனியா, அவர் லிமிட் தனியா நிக்கட்டும். யாரும் யாரையும் கேக்க வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. முடியுமா?"

முடியும். எப்படிச் செய்வது என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நியாயமான பேச்சுதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது அந்த அரைமணிதான். யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்றால் காலையில் நாற்காலியை எதற்கு நடுவில் இழுப்பது?

"பாக்குதேன் சார்," என்றாள்.

பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் முடிகிற வேலையை இழுத்தாள். தேவையில்லாத சோதனைகள் வைத்தாள். எழுதியதை அழித்து வேறு மாதிரி எழுதினாள். காலை அரைமணி முன்போலவே நடந்தது. நாகப்பன் பேர் சொன்னார், சிவசங்கர் பேர் சொன்னான், இவளும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு நாள் கிடைத்தது என்றே நினைத்துக்கொண்டாள். வேலையில் இப்படி ஏமாற்றுவது அவளுக்கு வழக்கமில்லை. செய்துகொண்டிருந்தாள்.

ஒரு காலை சிவசங்கர் டீயை வைத்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"இன்னா செல்வி, அது ஆயிடுச்சா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு அண்ணே. ஏன்?"

"அது முடிஞ்சா மூணு பேரும் ஒரே ரூம்ல இருக்கத் தேவயில்லயாம். என்னை ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டுக்கு மாத்தித் தர்றேன்னு மேனேஜர் சொல்லிகீறாரு. பூஜா ஸ்கூலு அங்கதான கீது. காலைல நானே கொண்டுபோயி வுட்டுருவேன். இப்ப வேன்ல அழுதுகினே போவுது அது."

"எனக்கும் மறைமலை நகர் ஆபீஸு," என்றார் நாகப்பன், முழங்காலைத் தடவிக்கொண்டு. "வூட்லேர்ந்து நடந்தே பூடலாம். இந்த பஸ்ல படி ஏறி இறங்கறதுதாம்மா என்னைக் கொல்லுது. நீ முடிச்சிக் குடுத்தின்னா உனக்குப் புண்ணியம்."

அவர்கள் அவளை நம்பித்தான் கேட்டார்கள். அவள் வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று அந்த இரண்டு பேருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. தன் அரைமணிக்காக ஒரு பிள்ளையை வேனில் அழவிட்டு, ஒரு மனிதரைப் படிக்கட்டில் நொண்டவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரமே எழுதி முடித்தாள். முடிக்கும்போதும் மனசு கேட்கவில்லை, ஒரு சின்ன வேலை செய்து வைத்தாள். இரண்டு பேர் ஒரே பேரைப் பொதுவில் போட வந்தால், எஞ்சின் சற்று நின்று, பேருக்கு உரியவர் இன்னார், அவரைக் கேட்டுக்கொள்ளவும் என்று திரையில் காட்டும்படி வைத்தாள். கேட்பது முழுக்கச் செத்துவிடாது அல்லவா? எங்கே உட்கார்ந்திருந்தாலும் எப்போதாவது ஒரு நாள் யாராவது ஒருத்தர் போனை எடுத்து 'செல்வி, இந்தப் பேரை எடுத்துக்கட்டுமா' என்று கேட்க வேண்டி வரும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

காட்டியபோது சிவசங்கர் வாய்விட்டுச் சிரித்தான். "இதுலயும் உன்னை வந்து கேக்கணுமா?"

வசந்தகுமார் திரையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவது ஷிஃப்ட்ல இது நின்னுச்சுன்னா ஆபரேட்டர் யாரைப் போய்க் கேப்பான்? கேக்கற வரைக்கும் லைன் நிக்குமே. இதை எடுத்துடுங்க, செல்வி. ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சிட்டு எஞ்சின் அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கட்டும்."

அவர் சொன்னது சரி. லைனில் நின்று போல்ட் முடுக்கியவளுக்கு, நின்றுபோன லைன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியாதா? "சரி சார்" என்றாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியைத் தேடி அழித்தாள்.

அடுத்த நாள் காலை நாகப்பன் பழக்க தோஷத்தில் நாற்காலியை நடுவுக்கு இழுத்துவிட்டார். டீயோடு உட்கார்ந்து, "இன்னிக்கு நான் வந்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அட, இனிமே இதெல்லாம் தேவையில்லல்ல," என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டார். செல்வி தன் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே கார் ஏற்றிக்கொண்டு போகும் நீளமான லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

மாதம் முடிவதற்குள் இருவரும் மாறிப் போய்விட்டார்கள். போகிற அன்று சிவசங்கர் பூஜா கையால் வரைந்தது என்று ஒரு படம் கொடுத்தான், அதில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாகப்பன் "உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். இரண்டு பேருமே அடிக்கடி போன் பண்ணுவதாகச் சொன்னார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்துச் சொன்னார்கள். ஆனால் எதற்கு போன் பண்ணுவது? அவர்களுக்குள் இத்தனை வருஷமும் இருந்த பேச்செல்லாம் ஒரு பேரில் ஆரம்பித்து வேறெங்கோ போன பேச்சு. அந்த ஆரம்பம் போன பிறகு மிச்சத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ப்ரோக்ராம் மட்டும் அருமையாக ஓடியது. அதில் பொய்யில்லை. அப்புறம் ஒரு நாள்கூடப் பேர் மோதி லைன் நிற்கவில்லை. வசந்தகுமார் மேலிடத்துக்கு அவள் பேரைச் சொல்லிப் பாராட்டி எழுதினார். கண்ணாடி அறையில் ஏசி சத்தமும் அவளும். ஹெட்போனை அவள் மாட்டுவதே இல்லை. மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன?

அறை பெருக்க வரும் முனியம்மாள் ஒரு நாள் காலியாகக் கிடந்த நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினாள்.

"இன்னாம்மா, அவங்க ரெண்டு பேரும் லீவா?"

"மாத்தலாகிப் போயிட்டாங்க அக்கா."

"நீ மட்டும் இங்க இன்னா பண்ற?"

"இங்கதான் மெஷின் இருக்கு. ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்லா."

"அப்ப இந்தச் சேரை கேன்டீனுக்கு எடுத்துக்கட்டா? அங்க ஒண்ணு உடைஞ்சி பூட்ச்சி."

"எடுத்துக்கோங்க அக்கா," என்றாள் செல்வி. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

கார்த்திகை மழை ஆரம்பித்த ஒரு சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் முன்பு பொதுவில் என்னென்ன பேர்கள் கிடக்கின்றன என்று சும்மா ஒரு பார்வை பார்த்தாள். பேரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். நாகப்பன் பேருக்கு நடுவே ஒரு கேப்பிட்டல் எழுத்து வைப்பார், சிவசங்கர் வார்த்தைக்கு வார்த்தை நடுவே ஒரு அடிக்கோடு போடுவான். நாகப்பன் புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை. சிவசங்கர் எடுத்திருந்தான். பூஜா பேரில் ஏழெட்டு இருந்தது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு அழாமல்தான் போகிறாள் போல. அதற்கும் கீழே அவன் மறுபடியும் எடுத்த லிமிட் இருந்தது.

அவளுடைய லிமிட்டும் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கொரு அடையாளத்தோடு, ஒன்றை ஒன்று தொடாமல். என்றைக்கு எடுத்தானோ? எஞ்சின் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தண்டுகள் பச்சைப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தான் கட்டியது சொன்னபடி வேலை செய்கிறது என்று முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. முன்பென்றால் இந்தப் பேருக்கு என்ன சண்டை நடந்திருக்கும். எத்தனை டீ ஆறிப்போயிருக்கும். கொடையில் மேளத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு ஓடவைத்த பேர் அல்லவா இது.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்குக் குடையோடு நின்றுகொண்டு போனை எடுத்தாள். சண்டை போட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். 'என் லிமிட்ட யாரைக் கேட்டு எடுத்தீய?' என்று ஆரம்பிக்க வேண்டும், அவன் 'நாற்காலியக் கேட்டேன்' என்பான், சிரிப்பார்கள், பூஜா எப்படி இருக்கிறாள் என்று கேட்கலாம், இங்கே எப்படி இருக்கிறது என்று அவன் கேட்பான். இவ்வளவும் யோசித்து வைத்திருந்தாள்.

"இன்னா செல்வி," என்றான் சிவசங்கர். பின்னால் பிள்ளைகள் சத்தம், பஸ் ஹாரன். "இன்னா ஆச்சு, லைன் நின்னுடுச்சா?"

"இல்ல அண்ணே. ஓடுது."

"கேமரா எதுனா மக்கர் பண்ணுதா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு அண்ணே."

"அப்போ இன்னா பிரச்சன?"

அவன் குரலில் கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. பிரச்சினை இல்லாமல் இவள் எதற்குக் கூப்பிடுவாள் என்று மெய்யாகவே தெரியாமல் கேட்டான். அந்தக் கேள்வியில் அவள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஓடிப்போனது. லிமிட் சண்டை எங்கே போனதோ. வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"பொதுவுல ஒரு பேர் எடுத்துக்கிடட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் அண்ணே."

அவன் சிரித்தான், அன்பாகத்தான் சிரித்தான்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ," என்றான். "பாப்பா வெளிய வந்துட்டா. அப்புறம் பேசறேன்."

போன் நின்றது. சிங்கப்பெருமாள் கோவில் என்று கத்திக்கொண்டு ஆட்டோ வந்தது. குடையை மடக்கி, ஏறி, இரண்டு பேருக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாள். எந்தப் பேர் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவளிடமும் ஒரு பேர் இல்லை.